ஐந்தாண்டுத் திட்டம் பாதி வழியில்: முன்னேற்ற அறிக்கையில் எதைக் கேட்பது?

வேதியியல்காரன் எழுதியது:

வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு உத்தித் திட்டம் பாதி வழியைத் தாண்டிவிட்டது. அதன் முன்னேற்ற அறிக்கையை ஆராயும் குழுவில் ஆசிரியர் பிரதிநிதியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். வேறு யாரும் முன்வராததால் என் தலையில் விழுந்த பொறுப்பு இது. கரிம வேதியியலில் என்ன கேட்டாலும் சொல்வேன். இலக்கு, குறியீடு, அடிப்படை ஆண்டு என்று பேசத் தொடங்கினால் விழிப்பேன்.

அறிக்கை வழவழப்பான தாளில் அழகாக வந்திருக்கிறது. ஒவ்வொரு இலக்குக்கும் எதிரே ஒரு வட்டம். பச்சை என்றால் திட்டப்படி நடக்கிறது, மஞ்சள் என்றால் கவனம் தேவை, சிவப்பு என்றால் பின்தங்கியிருக்கிறது. மொத்த அறிக்கையிலும் சிவப்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் வாகன நிறுத்துமிடத்தைப் பற்றியது.

மாணவர் பகுதியில் முதலாண்டு மாணவர்கள் படிப்பைத் தொடரும் விகிதம் கூடியிருக்கிறதாம், பச்சை. மாணவர் திருப்தி கூடியிருக்கிறதாம், பச்சை. ஒப்படைப்புகளுக்கு 15 வேலைநாள்களுக்குள் பின்னூட்டம் தருவது, பச்சை. ஆசிரியர்–மாணவர் விகிதம் மேம்பட்டிருக்கிறது, அதுவும் பச்சை. ஊழியர் பகுதியில் பணிச்சுமைக் கொள்கை வகுக்கப்பட்டது, நல்வாழ்வுப் பயிலரங்குகள் நடத்தப்பட்டன, பதவி உயர்வு விதிகள் சீரமைக்கப்பட்டன. எல்லாம் பச்சை.

அறிக்கையில் பொய் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எங்கள் துறையில் ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடங்கள் இன்னும் நிரப்பப்படவில்லை. என்னிடம் ஆய்வு செய்ய வேண்டிய மாணவி போன பருவத்தில் பாதியில் நின்றுவிட்டாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு எங்கள் துறைக் கட்டடத்தில் விளக்கெரியும், உள்ளே இருப்பவர்கள் திருத்திக்கொண்டிருப்பார்கள். பச்சை வட்டங்களுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் தொடர்பே இல்லாததுபோல் இருக்கிறது.

கூட்டத்தில் எனக்குப் பேசச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். புலம்பினால் ‘பிரதிநிதியின் உணர்வுகள் பதிவு செய்யப்பட்டன’ என்று முடித்துவிடுவார்கள். என்ன கேட்டால் உண்மையான பதில் வரும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்காரி எழுதியது:

இதே மாதிரி அறிக்கைகளை எழுதிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். திட்டமிடல் பிரிவில் அந்த வட்டங்களுக்கு வண்ணம் பூசியதும் நான்தான். எந்த இடத்தில் தட்டினால் சத்தம் வேறு மாதிரி கேட்கும் என்று தெரியும்.

வட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள வரி எதைச் சொல்கிறது என்று பாருங்கள். நிர்வாகம் என்ன செய்தது என்று சொல்கிறதா, யாருடைய நிலைமை மாறியது என்று சொல்கிறதா? கொள்கை வகுத்தது நிர்வாகம் செய்த வேலை. பயிலரங்கு நடத்தியதும் அப்படியே. கொள்கை வந்த பிறகு யாருடைய வாரத்திலாவது ஒரு மணி நேரம் மிச்சமானதா என்பது வேறு கேள்வி, அதற்கு அறிக்கையில் வரியே இருக்காது. மாணவர் பகுதியில் வெளியார் கேட்பார்கள் என்ற பயத்தால் ஏதாவது எண் இருக்கும். ஊழியர் பகுதிக்கு அந்தப் பயமும் இல்லை. நீங்கள் சொன்ன பட்டியலிலேயே அது தெரிகிறது: மாணவருக்கு விகிதங்கள், ஊழியருக்குக் கூட்டங்கள்.

அடுத்து, எண் இருக்கும் இடங்களில் வகுக்கும் எண்ணைக் கேளுங்கள். முதலாண்டுத் தொடர்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் சேர்கிறார்கள், அதில் ஐம்பது பேர் முதல் சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள் என்று வையுங்கள். கணக்கெடுப்பு நாள் அதற்குப் பிறகு வந்தால், ஏட்டில் அந்த ஐம்பது பேர் சேரவே இல்லை. மீதி 950 பேரில் 855 பேர் அடுத்த ஆண்டு திரும்பி வந்தால் 90 விழுக்காடு. ஆயிரத்தை வைத்து வகுத்தால் 85.5. இரண்டுமே தவறான கணக்கல்ல. அடிப்படை ஆண்டில், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட தொடக்க ஆண்டில், ஒரு முறையையும் இந்த ஆண்டில் மற்றொரு முறையையும் பின்பற்றினால் மட்டும்தான் மோசடி. பெரும்பாலும் அது மோசடியாகவும் இருக்காது. இடையில் மென்பொருள் மாறியிருக்கும், கணக்கெடுப்பு நாளும் அதோடு சேர்ந்து நகர்ந்திருக்கும், யாருக்கும் நினைவிருக்காது. எண் மட்டும் நாலரை புள்ளி ஏறி நிற்கும், துணைவேந்தர் அதைப் பட்டமளிப்பு விழாவில் வாசிப்பார்.

யார் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் கல்லூரிகளின் பட்டம் பெறும் விகிதம் என்று நெடுங்காலம் பேசப்பட்ட எண், முதன்முறையாக, முழுநேர மாணவராகச் சேர்ந்தவர்களை மட்டுமே எண்ணியது. பகுதிநேரமாகச் சேர்ந்தவரும், வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவரும் அதில் கிடையாது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் நிறைந்த கல்லூரியில் அந்த எண் யாரைப் பற்றிப் பேசும்? உங்கள் ஆய்வு மாணவி எந்த நெடுவரிசையில் இருக்கிறாள் என்று தேடிப் பாருங்கள். தொடர்ச்சி இலக்கு முதலாண்டுக்கு மட்டும் என்றால் ஆய்வு மாணவர்கள் அதில் வரவே மாட்டார்கள். பாதியில் போன முனைவர் பட்ட மாணவரை எண்ணாத திட்டங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்கள் ‘விடுப்பில்’ இருப்பார்கள், பல ஆண்டுகள்.

ஆசிரியர்–மாணவர் விகிதம் எனக்கு மிகப் பிடித்தமானது. வாரத்தில் ஒரே ஒரு பாடம் நடத்திவிட்டுப் போகும் பகுதிநேர ஆசிரியரை முழு ஆளாக எண்ணலாம், பணி நேரத்துக்கேற்ற பின்னமாகவும் எண்ணலாம். வகுப்புப் பக்கமே வராத ஆராய்ச்சிப் பணியாளரைச் சேர்க்கலாம், விடலாம். நிரந்தர இடங்கள் காலியாகி, அவற்றுக்குப் பதில் மும்மடங்கு தற்காலிக ஆசிரியர்களை எடுத்தால், தலையை எண்ணும் முறையில் விகிதம் மேம்பட்டே தீரும். உங்கள் துறையில் இடம் காலியாக இருப்பதும் அறிக்கையில் வட்டம் பச்சையாக இருப்பதும் ஒரே காரணத்தால் கூட இருக்கலாம்.

இது சிறிய பல்கலைக்கழகங்களின் சங்கடம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், தன் இளநிலை வகுப்புகளில் 82.5 விழுக்காடு இருபது பேருக்கும் குறைவானவை என்று தரவரிசை நிறுவனத்துக்குச் சொல்லியிருந்தது. அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸ் 2022இல் பல்கலைக்கழகத்தின் பொதுவெளிப் பாடப்பட்டியலை எடுத்துத் தானே எண்ணிப் பார்த்தார். அவர் கணக்கில் அந்த விகிதம் எழுபதைக்கூட எட்டவில்லை. அந்த ஆண்டு பல்கலைக்கழகமே திருத்தி வெளியிட்ட விவரத்தில் 57 விழுக்காடு என்று வந்தது. தரவரிசையில் இரண்டாம் இடத்திலிருந்து பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. அவர் எந்த ரகசியக் கோப்பையும் திருடவில்லை. எல்லோரும் பார்க்கக்கூடிய பட்டியலைப் பொறுமையாக எண்ணினார், அவ்வளவுதான். உங்கள் துறையின் பாட அட்டவணை உங்கள் கையில்தானே இருக்கிறது?

மொத்த எண்ணை மட்டும் கொடுத்தால் துறைவாரியாகக் கேளுங்கள். 1973இல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சேர்க்கையில் விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினருக்கும் பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. அப்பட்டமான பாகுபாடு என்றுதான் தோன்றும். துறைதுறையாகப் பிரித்தபோது அந்த வேறுபாடு காணாமல் போனது, சிறிதளவு எதிர்ப்பக்கமும் சாய்ந்தது. போட்டி கடுமையான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்ததே காரணம் என்று 1975இல் விளக்கம் வெளியானது. புள்ளியியல் வகுப்புகளில் இன்றைக்கும் இதைச் சொல்லித்தருகிறார்கள், புள்ளியியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களின் அறிக்கையில் மட்டும் மொத்த எண்ணே வரும். மாணவர் எண்ணிக்கை எளிய பாடங்களின் பக்கம் நகர்ந்தாலே தேர்ச்சி விகிதம் ஏறும், எந்தத் துறையிலும் எதுவும் மேம்படாமலேயே.

இவ்வளவும் சொன்னதால் இலக்கு வைப்பதே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2003இல் அங்கே ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறும் விகிதம் 32 விழுக்காடுதான். பின்னர் அது ஐம்பதுக்கு மேல் போனது. கருப்பின மாணவர்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளியும் மூடியது. என்ன செய்தார்கள்? மாணவர்கள் எந்தப் படியில் விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். படிப்பை முடிக்கும் தறுவாயில், சிறிய கட்டண நிலுவைக்காகப் பெயர் நீக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 2011 முதல் அந்த நிலுவையைப் பல்கலைக்கழகமே, மாணவர் விண்ணப்பிக்கக்கூடக் காத்திராமல், கணக்கில் வரவு வைத்தது. அடுத்த ஆண்டு முதல் எண்ணூறுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை அறிகுறிகளைக் கணினி தினமும் கவனித்தது. தவறான பாடத்தைப் பதிவு செய்தால் அதுவும் ஓர் அறிகுறி. கணினியோடு நிற்காமல் மாணவர் ஆலோசகர்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தார்கள் என்பதைத்தான் நான் அடிக்கோடிடுவேன். எச்சரிக்கை வந்தால் தொலைபேசியை எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த மென்பொருளை மட்டும் வாங்கிவந்து, ஆளை எடுக்காமல் ‘முன்கூட்டியே கண்டறியும் அமைப்பு நிறுவப்பட்டது’ என்று பச்சை பூசிய இடங்கள் உண்டு.

ஆய்வகச் சாவி எழுதியது:

கோப்புக்காரி அம்மா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். தலைப்பில் ‘ஊழியர்’ என்று போடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர். ஆய்வக உதவியாளர், நூலக ஊழியர், தேர்வுப் பிரிவு எழுத்தர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் ‘மற்றும் பிறர்’. நான் அந்தப் பிறரில் ஒருவன்.

ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் பல்கலைக்கழகத்தில் செய்முறை வகுப்புத் தொகுதிகளைப் பாதியாக்கினார்கள். நாற்பது பேர் நின்ற இடத்தில் இருபது பேர். மாணவருக்கு நல்லது, ஆளுக்கொரு பியூரெட் (கரைசலை அளந்து சொட்டவிடும் கண்ணாடிக் குழாய்) கிடைக்கிறது. ஆசிரியருக்கும் நல்லது, அருகில் நின்று கற்றுத்தர முடிகிறது. அறிக்கையில் பெரிய படத்தோடு வந்தது. எனக்கு என்ன ஆனது? முன்பு ஒரு தடவை கரைசல் தயாரித்து, செறிவு சரிபார்த்து, புட்டிகளில் ஊற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டினால் போதும். இப்போது காலைத் தொகுதி முடிந்ததும் மதியத் தொகுதிக்கு முன் அத்தனை பியூரெட்டையும் கழுவி, காய்ச்சி வடித்த நீரால் அலசி, மூக்கில் காற்றுக்குமிழி நிற்காமல் பார்த்து, மறுபடி மேசையில் மாட்ட வேண்டும். இடைவேளை அதற்கே போய்விடுகிறது. தயோசல்பேட்டு போன்ற சில கரைசல்களைப் பல நாள் வைத்திருக்கவும் முடியாது, செறிவு மாறிவிடும், மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆட்கள் முன்பு எத்தனையோ இப்போதும் அத்தனையே.

இதில் யாரையும் குறை சொல்லவில்லை, தொகுதியைப் பாதியாக்கியது சரியான முடிவு. ஆனால் அந்த முடிவு யாருடைய கைவேலையில் நடக்கிறது என்பது எந்த வரியிலும் இல்லை. நல்வாழ்வுப் பயிலரங்குக்கு எங்களையும் அழைத்தார்கள். செய்முறை வகுப்பு நடக்கிற மதிய வேளையில் வைத்தார்கள். வராதவர்களுக்கு ‘ஆர்வமின்மை’ என்று பின்னர் எழுதினார்கள்.

ஆசிரியர் ஐயா, நீங்கள் ஆசிரியர் பிரதிநிதிதான். ஆனாலும் ஒன்று கேளுங்கள்: ஊழியர் என்று எழுதியிருக்கும் ஒவ்வோர் எண்ணிலும் ஆசிரியரல்லாதார் எத்தனை பேர்?

மூன்றாமாண்டு எழுதியது:

மாணவர் தரப்பிலிருந்து. எங்களிடம் திருப்திக் கருத்தாய்வு எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? மதிப்பெண் பார்க்க இணையதளத்தில் நுழைந்தால் முன்னால் ஒரு படிவம் வந்து நிற்கும். அதை நிரப்பினால்தான் மதிப்பெண் தெரியும். எல்லோரும் மேலிருந்து கீழ் வரை ஒரே கட்டத்தைச் சொடுக்கிவிட்டு மதிப்பெண்ணுக்கு ஓடுவோம். ‘நூலகம் இரவில் திறந்திருப்பது போதுமானதாக உள்ளது’ என்ற வரிக்கு, நூலகத்துக்கே போகாத என் நண்பன் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருக்கிறான்.

வேறு சில இடங்களில் நேர்மாறாக, மின்னஞ்சலில் இணைப்பை அனுப்பிவிட்டு வந்தவரை போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பத்தில் இரண்டு பேர் பதில் சொன்னாலும் ‘மாணவர்களில் இத்தனை விழுக்காடு திருப்தி’ என்றே அச்சாகிறது. பிரிட்டனில் 2005 முதல் இறுதியாண்டு மாணவர்களிடம் நடத்தப்படும் தேசியக் கருத்தாய்வில் குறைந்தது 10 பேரும், தகுதியுள்ளவர்களில் பாதிப் பேரும் பதிலளித்தால்தான் முடிவை வெளியிடுவது என்ற வரையறை இருந்தது. 2017இல் மாணவர் சங்கங்கள் புறக்கணித்தபோது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உட்படச் சிலவற்றுக்கு முடிவே வெளிவரவில்லை. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதைத் திருப்தி எண்ணுக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். எங்களுக்கு அது போதும்.

பின்னூட்டம் பற்றியும் சொல்கிறேன். எனக்குப் பதினைந்தாம் நாள் சரியாக வந்த பின்னூட்டம் இது: ‘நன்று. இன்னும் ஆழம் தேவை.’ எந்தப் பத்தியில்? எந்த வாதத்தில்? ஏழு பக்கம் எழுதியிருந்தேன். வேறொரு பாடத்தில் இருபது நாளுக்கு மேல் ஆனது, ஆனால் ஆசிரியர் என் இரண்டாம் பத்தியில் ஒரு வாக்கியத்துக்கு அடியில் கோடிட்டு, ‘இதற்கு முன் பக்கத்தில் நீங்களே எதிராகச் சொல்லியிருக்கிறீர்கள், எது உங்கள் நிலைப்பாடு?’ என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே அடுத்த ஒப்படைப்பை எழுதினேன். அறிக்கையின்படி முதலாமவர் இலக்கை எட்டியவர், இரண்டாமவர் எட்டாதவர்.

வேதியியல்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆய்வகச் சாவி ஐயா, எங்கள் ஆய்வகத்தில் பியூரெட் கழுவுபவரை இன்று வேறு கண்ணால் பார்த்தேன். உங்கள் கேள்வியைக் கட்டாயம் கேட்கிறேன்.

அறிக்கையின் இணைப்புகளை இன்று உட்கார்ந்து படித்தேன். பின்னூட்டக் கணக்கு எப்படி என்று ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது: கடைசி நாள் என்பது கால நீட்டிப்பு பெற்றவர்களின் கடைசி நாள். அங்கிருந்து, ஆசிரியர் மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றும் நாள் வரை எண்ணுகிறார்கள். பின்னூட்டம் ஒரு வரியானாலும் ஒரு பக்கமானாலும் கடிகாரம் நின்றுவிடும். வெறும் ஒரு புள்ளியை ஏற்றினாலும் நிற்கும்போல. என் சக ஆசிரியர் ஒருவர் அதைத்தான் செய்கிறாராம், முதலில் மதிப்பெண்ணை ஏற்றிவிட்டுப் பின்னூட்டத்தைப் பிறகு பொறுமையாக எழுதுகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு தயக்கம். ஆசிரியர் பிரதிநிதி எழுந்து பின்னூட்ட இலக்கைக் கேள்வி கேட்டால், ‘வேலை செய்யச் சோம்பல்’ என்றுதானே மாணவர் பிரதிநிதிகள் நினைப்பார்கள்? அங்கே மாணவரும் ஆசிரியரும் எதிரெதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

கோப்புக்காரி எழுதியது:

அறிக்கையில் அந்த இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகப் போடுவதே அப்படி உட்கார வைப்பதற்குத்தான் என்று சில சமயம் எனக்குத் தோன்றியதுண்டு. மாணவர் பகுதியில் ‘15 நாளில் பின்னூட்டம்’, ஊழியர் பகுதியில் ‘பணிச்சுமை குறைப்பு’. இரண்டும் ஒரே ஆளின் ஒரே மாலைப்பொழுதைப் பற்றியவை, ஆனால் நடுவில் பதினெட்டுப் பக்கம் இருக்கும்.

அதனால் இலக்கைக் கேள்வி கேட்காதீர்கள், அதற்கான நேரத்தைக் கேளுங்கள். 120 மாணவர்கள், ஆளுக்கொரு ஒப்படைப்பு. ஒழுங்காகப் படித்து, மூன்றாமாண்டு தம்பிக்கு வந்ததுபோல் பத்தியைச் சுட்டி எழுத இருபது நிமிடம் என்று வைத்தால் 40 மணி நேரம். அந்த மூன்று வாரத்தில் வகுப்பு, செய்முறை, கூட்டம் எதுவும் நின்றுவிடாது. புதிதாக வகுத்த பணிச்சுமைக் கொள்கையில் இந்த நாற்பது மணி நேரம் எந்த வரியில் இருக்கிறது? ஒரு ஒப்படைப்புக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்? பல கொள்கைகளில் ‘கற்பித்தலும் அது சார்ந்த பணிகளும்’ என்று ஒரே வரியில் மூடியிருப்பார்கள். நிமிடம் எழுதியிருந்தால் பெருக்கிப் பாருங்கள், எழுதாமல் விட்டிருந்தால் ஏன் எழுதவில்லை என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மாணவர் பிரதிநிதி உங்கள் பக்கம் நிற்பார். ‘நன்று, இன்னும் ஆழம் தேவை’ என்பது எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் அப்போது தெரியும்.

கையோடு ஒரு மாற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கை விட்டுவிட்டு, அடுத்த ஒப்படைப்பை எழுதத் தொடங்கும் முன் பின்னூட்டம் கையில் இருக்க வேண்டும் என்று இலக்கை மாற்றலாம். பருவத்துக்கு மூன்று ஒப்படைப்பை இரண்டாக்கினால் அது நடக்கும். எதைப் புதிதாகச் செய்யப்போகிறோம் என்று எழுதாத திட்டத்தை நான் பார்த்ததில்லை. எதை நிறுத்தப்போகிறோம் என்று எழுதிய திட்டத்தையும் பார்த்ததில்லை.

திருப்தி மதிப்பெண்ணைப் பதவி உயர்வோடு சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், ‘விதிகள் சீரமைக்கப்பட்டன’ என்ற வரிக்குள் அது ஒளிந்திருக்கும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் இணையவழிப் பாடத்தில் சிறிய ஆய்வு ஒன்று நடந்தது, 2014இல் வெளியானது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடம் நடத்தினார்கள். தங்கள் பெயரில் ஒரு குழுவுக்கும், மற்றவர் பெயரில் இன்னொரு குழுவுக்கும். ஒப்படைப்புகள் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் திருப்பித் தரப்பட்டன. ‘உரிய நேரத்தில் தந்தாரா’ என்ற கேள்விக்கு, ஆண் என்று நம்பப்பட்டவருக்கு ஐந்துக்கு 4.35, பெண் என்று நம்பப்பட்டவருக்கு 3.55. நாற்பத்துச் சொச்சம் மாணவர்களிடம் நடந்த ஆய்வு, அதை மட்டும் வைத்து உலகத்தையே அளக்க முடியாது. ஆனாலும் கடிகாரத்தை வைத்து அளக்கக்கூடிய ஒன்றைக்கூடக் கருத்தாய்வு இப்படிக் கோணலாகக் காட்டுமானால், அதை ஒருவருடைய பதவி உயர்வுக் கோப்பில் வைக்குமுன் யோசிக்க வேண்டும்.

அதே சீரமைப்பில் இன்னொன்று. ஆய்விதழின் தாக்கக் குறியீட்டை (அதன் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்ணை) வைத்து ஆளை மதிப்பிடக் கூடாது என்ற 2012ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் பல்கலைக்கழகங்கள் பல கையெழுத்திட்டிருக்கின்றன. உங்களுடையதும் போட்டிருந்தால், கையெழுத்துப் போட்ட செய்தி அறிக்கையில் பச்சையாக இருக்கும். பதவி உயர்வு விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ‘இதழின் தாக்கக் குறியீடு’ என்ற கட்டம் இன்னும் அங்கேயே இருக்கிறதா? நான் இருந்த இடத்தில் பிரகடனத்தைச் சட்டமிட்டு மாட்டிய பிறகும் அந்தக் கட்டம் போகவில்லை. படிவத்தை மாற்றுவது வேறு பிரிவின் வேலையாம்.

கடைசியாக நடைமுறை. இவ்வளவையும் கூட்டத்தில் வாயால் கேட்காதீர்கள், ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி வரும். மூன்றே கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ச்சி விகிதத்துக்கும் ஆசிரியர் விகிதத்துக்கும் அடிப்படை ஆண்டிலும் இந்த ஆண்டிலும் வகுத்த எண் எது, எந்த நாளில் எண்ணியது, துறைவாரியாக எவ்வளவு. ஊழியர் எண்களில் ஆசிரியரல்லாதார் எத்தனை பேர். ஒரு ஒப்படைப்புக்குப் பணிச்சுமைக் கொள்கை தரும் நிமிடம் எவ்வளவு. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே குழுச் செயலருக்கு எழுதி அனுப்பி, பதிலை நிகழ்ச்சிக் குறிப்போடு இணைக்கக் கேளுங்கள். எழுத்தில் வந்த கேள்வி திட்டமிடல் பிரிவில் யாரோ ஒருவருடைய மேசைக்குத்தான் போகும். அந்த எண்கள் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அறிக்கையில் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்காததால் இழுப்பறையில் கிடக்கின்றன.

வேதியியல்காரன் எழுதியது:

எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாவது கேள்வியில் மாணவர் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான்காவதாக, பதில் சொன்ன மாணவர்களின் எண்ணிக்கையை அவரே சேர்த்துக்கொண்டார். செயலர் ‘இணைப்பு எத்தனை பக்கம் வரும்’ என்று மட்டும் கேட்டார். பதில் வந்ததும் இங்கே இடுகிறேன்.